ரசத்தில் கிடந்த மிளகு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்.

"நேத்து ரசத்துல மிளகுன்னு நெனச்சு முழுங்கிட்டேன். அது பைக்கோட இரும்புக் குண்டு."

பக்கத்தில் இருந்தவர் அப்படியே திரும்பினார். "என்ன சொல்றீங்க டீச்சர்?"

"அவர்தான் கொல்லையில பழைய பைக்கைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்றாரே. துரு போகட்டும்னு பேரிங் குண்டையெல்லாம் புளித்தண்ணில ஊறப்போட்டு அடுப்படியில வெச்சிருந்தார். நான் ஊறவெச்ச புளின்னு நெனச்சு, மேலாக இறுத்து ரசம் வெச்சுட்டேன். ஒண்ணு தப்பி வந்துடுச்சு. சாப்பிட்டு முடிச்சப்புறம் அவர் எண்ணிப் பாக்குறார், ஒண்ணு குறையுது."

"ஐயையோ. டாக்டரைப் பாத்தீங்களா?"

"காலைல தென்னூர்ல எக்ஸ்ரே எடுத்தாச்சு. வயித்துல உருண்டையாத் தெரியுது. ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துடுமாம்."

நான் இறங்க வேண்டிய அம்மா மண்டபம் தாண்டிப் போய்விட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பதறிப்போயிருப்பாரே."

"பதறத்தான் செஞ்சார். அந்த சைஸ் குண்டு இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காதாம். வந்ததும் கழுவி எடுத்து வைன்னு சொல்லியிருக்கார்."