நிமிர்ந்து உட்கார ஓர் இடம்

அந்தக் கதிரையை எங்கே வாங்கினேன் என்று நீங்கள் கேட்டீர்கள், அர்ஷாத் சேர்.

திடீர் மரண விசாரணைக்காக எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த அன்று, படிவத்தை நிரப்ப வேறு இடமில்லாமல் என்னுடைய மேசைக் கதிரையில்தான் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் ஒரு தடவை பின்னால் சாய்ந்து பார்த்தீர்கள். "நல்ல சொகமா இருக்கே. எனக்கும் முதுகு நோவுதான். எங்க எடுத்தீங்க?" என்றீர்கள். அதே அறையில், உங்களுக்கு நாலடி பின்னால், என் கணவர் ரஜீவ் வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய தங்கை ஜெயலெட்சுமி உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பேச்சு மாறிப்போனது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கதிரை என்னோடு படித்த ஷிஹானா கொடுத்தது. பதுளையில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடும்போது ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். இருக்கை குழி விழுந்த கதிரை அது. நீங்கள் சுகமென்று சொன்னது அதன்மேல் கிடந்த மெத்தையை. அது ரஜீவின் சக்கர நாற்காலி மெத்தை.

அவர் வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி மூட்டை ஏற்றிப்போகும் லொறியில் வேலை செய்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் மூட்டைகளின்மேல் நின்று கயிறு இறுக்கும்போது கயிறு அறுந்து, பின்பக்கமாகத் தார்ரோட்டில் விழுந்தார். கழுத்து நரம்பு நசுங்கிவிட்டது. அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. அதற்குப்பிறகு கழுத்துக்குக் கீழே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது வலது கைப் பெருவிரல் மட்டும்தான். பேச்சு இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பேசுவதுபோல மெலிந்து வரும்.

நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவரை விட்டுவிட்டுப் போக முடியாததால் அதை நிறுத்தினேன். ஷிஹானாதான் வீட்டிலிருந்தே கம்பியூட்டரில் செய்யும் வேலையொன்றைத் தேடித்தந்தாள். வெளிநாட்டுக் கம்பனி. வேகம் குறைந்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு கணக்கை மூடிவிடுவார்கள், யாரிடமும் போய் மன்றாட முடியாது. அந்த வேலையை விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் இல்லை. ஆகையால் ட்ரங்குப் பெட்டிமேல் கம்பியூட்டரை வைத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் தட்டினேன்.

ஐந்தாவது மாதம் கை மரத்துப்போகத் தொடங்கியது. படுக்கைப் புண் வராமல் இருக்க அவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். ஒரு காலையில் அப்படிப் புரட்டும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அவர்மேலேயே குறுக்கே விழுந்தேன். எழும்ப முடியவில்லை. ஜெயா வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்குமேல் அப்படியே கிடந்தோம்.

"இப்ப யசோ, யாரு யாரப் பாக்குறது?" என்று என் காதுக்குப் பக்கத்தில் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. முதல் எச்சரிக்கை அன்றைக்குத்தான் வந்தது.

பதுளையில் கிளினிக் டொக்டர் நல்ல மனிதர். உட்காரும் முறையைப் படம் போட்டுக் காட்டும் தாள் ஒன்று தந்தார். "இப்பிடியே கூனி உட்கார்ந்தா நீங்களும் படுத்துருவீங்க. நீங்க படுத்தா அவர யார் பாப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு நான் செய்த ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

தாளில் எழுதியிருந்தது எல்லாம் நியாயமானது. முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் தாங்கல் வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். எங்களுடையது ஒரே அறையுள்ள காம்பரா, பின்னால் ஓர் அடுப்படி. அந்த வீட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது, மெத்தென்று இருப்பது, சாய்வாக இருப்பது எல்லாமே யாரோ நோயாளிக்கென்று தானம் கொடுத்தவை.

முதலில் மேசையை எடுத்தேன். கட்டிலுக்குக் குறுக்கே தள்ளி வைக்கும், சக்கரம் வைத்த சில்லு மேசை. அதில்தான் அவருடைய போன் சாய்ந்து நிற்கும். பெருவிரலால் தட்டிப் படம் பார்ப்பார். கேட்டுத்தான் எடுத்தேன்.

"எடுத்துக்க யசோ. நான் என்ன மேச போட்டு பரீட்சையா எழுதப்போறேன்" என்றார்.

அடுத்தது ஜன்னல். இருப்பது ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் அவருடைய கட்டில் கிடந்தது. ஹாலிஎலயிலிருந்து ஏறி வரும் பஸ்ஸை அங்கிருந்து பார்க்கலாம். எந்த டிரைவர் எந்த வளைவில் ஹோர்ன் அடிப்பான் என்று அவருக்குத் தெரியும். ஜெயாவும் நானுமாகக் கட்டிலை அடுப்படிச் சுவரோரம் தள்ளினோம்.

"அண்ணனுக்கு இந்த ஜன்னல் ஒன்னுதானே அண்ணி இருக்கு" என்றாள் ஜெயா.

"கண்ணு போனா வேல போயிரும் ஜெயா. வேல போனா அண்ணனுக்கு என்ன இருக்கும்?"

அவள் கட்டில்காலைப் பிடித்துத் தூக்கினாள். நான் சொன்னதில் பிழை இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

சக்கர நாற்காலி மெத்தையை எடுத்ததால் அவர் வெயில் காயப் போவது நின்றது. அது மழைக்காலம்தானே என்று இருந்துவிட்டேன். படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்குக் கட்டிலில் போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டர் ஈ பறப்பதுபோல ஓயாமல் முனகும். காதால் கேட்டுச் செய்கிற வேலைக்கு அது இடைஞ்சல். பிளக் போடும் இடமும் ஒன்றுதான். வேலை நேரத்தில் மட்டும் மோட்டரை நிறுத்தினேன். வேலை நேரம் கூடிக்கொண்டே போனது. அவருடைய இடுப்பில் ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு அளவில் ஒரு புண் வந்தது. கழுவி மருந்து போட்டேன். மாதம் ஒருமுறை வரும் தாதியிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு, தலைக்குக் கீழே அவருக்கு வைக்கும் சாய்வு ஸ்பொஞ்ச். அதைப் பற்றித் தாதி தெளிவாகச் சொல்லியிருந்தார். சாப்பாடு கொடுத்தால் அரை மணித்தியாலம் அவர் சாய்ந்தே இருக்க வேண்டும். அவருக்குத் தானாக இருமிச் சளியை வெளியே தள்ளும் பலமில்லை. புரையேறினால் நிமிர்த்தி, இரண்டு கையையும் விலாவுக்குக் கீழே வைத்து, அவர் இருமும் நேரத்தில் மேல்நோக்கி அழுத்த வேண்டும். நூறு தடவையாவது அப்படிச் செய்திருப்பேன். எனக்கு இடுப்புக்குத் தாங்கல் தேவைப்பட்டது. பாண் வெட்டும் கத்தியால் அந்த ஸ்பொஞ்சைப் பாதியாக அறுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறந்தநாள் கேக்கு வெட்டுற மாதிரி வெட்டுற" என்றார்.

மேசை உயரத்துக்குக் கதிரையை ஏற்றியதால் என் பாதம் தரையில் படவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். மற்றப் பாதியை எடுத்துக் காலடியில் போட்டேன்.

"பாதியாவது குடு யசோ. படுத்தமேனிக்குத் தண்ணி எறங்க மாட்டேங்குது."

"நாளைக்கு வேற ஏதாவது பாக்குறேங்க."

ஜெயா தன் வீட்டிலிருந்து இரண்டு பஞ்சுத் தலையணை கொண்டுவந்தாள். பழைய பஞ்சு. அவர் தலை பட்டதும் அப்பம்போல அமுங்கிவிடும்.

புரட்டாசியில் எனக்கு எந்த வலியும் இருக்கவில்லை. கை மரத்துப் போகவில்லை. நன்றாகச் செய்பவர்களின் பட்டியலில் என் பெயர் இருப்பதாகக் கம்பனியிலிருந்து செய்தி வந்தது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவதாக ஜெயா சொன்னாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான் ஒரு மனுசிபோல உட்கார்ந்து எழும்பினேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதுகு நோவு உள்ள உங்களுக்குத் தெரியும்.

அப்போது மீதி இருந்த தொந்தரவு மணி ஒன்றுதான். அவருடைய பெருவிரலுக்குக் கீழே கதவு மணியின் பொத்தானை ஒட்டிவைத்திருந்தோம். அமுக்கினால் சுவரில் இருக்கும் பெட்டி கிணுகிணுக்கும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அமுக்குவார். தண்ணீருக்கு அமுக்குவார். வெளியே மழை விட்டதா என்று கேட்க அமுக்குவார். மண் சரிந்து பஸ் ஓடாத ஒரு நாளில் என்னுடைய மவுசுக்குப் பெற்றரி முடிந்தது. மணிப் பெட்டியைத் திறந்து அதிலிருந்ததைக் கழற்றி மவுசில் போட்டேன். அந்த ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அதற்குப்பிறகு ஹாலிஎலக் கடைக்கு இரண்டு தடவை போனேன். சவர்க்காரம் வாங்கினேன், உப்பு வாங்கினேன், திரும்பி வந்தேன்.

மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்.

"சத்தத்த நிப்பாட்டி வச்சிருக்கேங்க. நீங்க அமுக்குனா ஸ்க்ரீன்ல லைட் எரியும், நான் வந்துருவேன்" என்றேன்.

அவர் நம்பினார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கைகாலை நீட்ட வேண்டுமென்று அந்தத் தாளில் இருந்தது. அப்படி எழும்பும்போது அவரிடமும் போவேன். சில நேரம், "இப்பத்தான் அமுக்குனேன், ஒடனே வந்துட்ட" என்பார். "ஆமாங்க" என்பேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்தே மழை. ஒன்றரைக்கு அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். ஜெயா தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போயிருந்தாள். மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு ஒன்று இருந்தது. நான் அவரை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்குக் கோப்பை அனுப்பினேன். எழுந்தேன். கழுத்தை இடது பக்கம் பத்து விநாடி, வலது பக்கம் பத்து விநாடி திருப்பினேன். பிறகு அவரிடம் போனேன். உதடு நீலமாக இருந்தது. பெருவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. விரலை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.

நீங்கள் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டீர்கள். கஞ்சி கொடுத்த பிறகு சாய்த்து வைத்தீர்களா என்று கேட்டீர்கள். ஆம் என்றேன். அது பொய். ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். ஹெட்போன் போட்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அதை அப்போது நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. நீங்கள் இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெயாவிடம், "இப்பிடி ஒரு மனுசி கெடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும்" என்றீர்கள். அவள் அதை இன்றுவரை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எட்டாம் நாள் படையலுக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

என்னுடைய வேலை என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. தமிழில் பதிவான தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டு எழுதும் வேலை அது. சொற்கள் மட்டும் போதாது. பேசுபவர் சிரித்தால் "சிரிப்பு" என்றும், பெருமூச்சு விட்டால் "பெருமூச்சு" என்றும், இருமினால் "இருமல்" என்றும் அந்தந்த இடத்தில் குறிக்க வேண்டும். பழகிவிட்டால் அதற்கு யோசிக்கத் தேவையில்லை. காதில் விழுவதைக் கை தானாகவே எழுதிவிடும். அன்றைய கோப்பில் வெளிநாட்டில் இருக்கும் ஓர் அம்மா, கண் வைத்தியரைப் பார்க்கும் நாளை மாற்றித்தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று அந்தக் கோப்பு திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. சரிபார்ப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. குறிப்பு மட்டும் இருந்தது. பதினொரு இடங்களில் "இருமல்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஒலிப்பதிவில் இருமலே கிடையாது, கவனமாகக் கேட்டு எழுதவும் என்று.

பதிவை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். உண்மைதான். அந்த அம்மா ஒரு தடவைகூட இருமவில்லை. பிறகு நான் எழுதியிருந்ததைப் பார்த்தேன். முதல் நான்கு இருமலும் அடுத்தடுத்து இருந்தன. ஐந்தாவதிலிருந்து இடைவெளி கூடிக்கொண்டே போனது. பத்தாவதுக்கும் பதினோராவதுக்கும் நடுவே அந்த அம்மா தன் மகனுடைய தொலைபேசி இலக்கம் முழுவதையும் சொல்லி முடித்திருந்தார். அதில் ஓர் எண்கூட நான் பிழையாக எழுதவில்லை.

இருமியவர் கிடந்த கட்டில் நாலடி தூரத்தில் இருந்தது. ஸ்பொஞ்ச் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் முதுகிலும் கையிலும் அன்றைக்கு ஒரு வலியும் இல்லை. தூக்கி நிமிர்த்துவதற்கு வேண்டிய பலம் இருந்தது.

கவனமாகத்தான் கேட்டேன், சேர். எழும்பிப் போனால் அவர் பிழைத்துவிடுவார் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.