மருதமுனைத் தங்கச்சியின் இரண்டாம் கடிதம்

– சிரிக்காம வாசி கா றுஸ்தா. மைக் ஓடுது.

– ஓம் ஓம், வாசிக்கிறன். 'கூடப் பிறக்காத ராத்தாமாருக்கு ஸலாம். போன மாசம் உங்கட பொட்காஸ்ட்டுக்குக் கடிதம் போட்ட மருதமுனைத் தங்கச்சி நான்தான். பொண் பாக்க வந்த மாப்பிள்ள வாயே திறக்கல்ல, எல்லாத்தையும் அவர்ர உம்மாவே கதைச்சா எண்டு எழுதியிருந்தன். வேணாம் எண்டு சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டன்.'

– மாஷா அல்லாஹ்! இதுதான் புள்ள. ஊமையக் கட்டி, மறுகா சுவரோடயா கதைக்கிற எண்டு நான் அண்டைக்கே கேட்டன்.

– நீதான் கேட்டாய் நதீரா. நான் கொஞ்சம் பொறு எண்டன்.

– நீ எல்லாத்துக்கும் பொறு எண்டுதான் சொல்லுவாய். உன்ன நம்பினா அந்தப் புள்ளக்கு நரைச்சிரும். மறுகா என்னவாம்?

– 'ஒரு மணித்தியாலம் இருந்து அவர் ஒரே ஒரு கதைதான் கதைச்சார். எங்கட ஃபேன அண்ணாந்து பாத்து, பேரிங் போயிட்டு, மாத்தணும் எண்டார்.'

– என்ட அல்லாஹ்! பொண் பாக்க வந்தவன் ஃபேனப் பாத்துட்டுப் போயிரிக்கான்! ஃபேன் அழகா இருந்திரிக்கும்...

– என்ன கா, சிரிப்ப நிப்பாட்டிட்டாய்?

– பேரிங்கா? பேரிங் எண்டா எழுதியிரிக்கி?

– பேரிங்தான். 'அவர்ர உம்மா வட்டிலப்பம் ரெண்டு துண்டு திண்டுட்டு, எங்கட சாய்ந்தமருதில இதவிட நல்லாச் செய்வாங்க எண்டா.'

– நிப்பாட்டு. றெக்கோடிங்க நிப்பாட்டு!

– என்னத்துக்கு?

– அது என்ட உம்மா கா! ஃபேன் பாத்தவன் நம்மட பஸால்!

– உன்ட தம்பியா? அப்ப நீ அந்தப் புள்ளயக் கண்டதில்லயா?

– அண்டைக்கு மகனுக்குக் காய்ச்சல், நான் போகல்ல. அடுத்த கிழமை தரகர் வந்து, பொண்ணுக்கு விருப்பமில்லயாம் எண்டுட்டுப் போனார். உம்மா ரெண்டு நாள் சோறு திங்கல்ல. எந்த நாசமாப் போனவள் அந்தப் புள்ளக்குச் சொல்லிக் குடுத்தாளோ எண்டு ஏசினா. நானும் பக்கத்தில இருந்து ஆமீன் எண்டன்!

– உனக்கு நீயே ஆமீன் சொல்லியிரிக்காய். நல்ல காலம், மைக்கில சொல்லுற நம்மட பேருகள மறுகா வெட்டிருவம்.

– பகிடி விடாத. அவன் ஊமையில்ல றுஸ்தா. புது ஆக்களக் கண்டா அவனுக்கு நாக்கு இழுத்துக்கும், சின்னனில இருந்தே அப்பிடி. கண்ணுக்கு முன்னால இரிக்கிற சாமானப் பத்தி ஏதாவது சொல்லித் தப்பிப்பான். அது தெரிஞ்ச நானே, ஒரு கடிதத்தப் பாத்து அவன வெட்டி எறிஞ்சிட்டன்.

– இப்ப என்ன செய்யப் போறாய்?

– மைக்கப் போடு. இத மறைக்கேலா. ... தங்கச்சி, வேணாம் எண்டு சொல்லச் சொன்ன ராத்தாதான் கதைக்கிறன். நான் சொன்னது பிழை. அவரக் கட்டுங்க எண்டு சொல்லவும் இப்ப எனக்கு வாயில்ல. ஆனா ஒரு மணித்தியாலத்தில, அதுவும் உம்மா பக்கத்தில குந்தி இரிக்கக்க, ஒரு ஆள அறியேலா. உங்கட வாழ்க்கையையும் அந்த மனிசனையும் நான் பகிடியாக்கிட்டன். மன்னிச்சுக்கங்க.

– நல்லாக் கதைச்சாய். ஆனா கடிதம் முடியல்ல. பின்பக்கமும் இரிக்கி.

– அவன ஏசியிரிக்காவா?

– கேளு. 'வேணாம் எண்டு சொன்ன அடுத்த நாள் அவரே ஃபோனில கோல் எடுத்தார். என்னில என்ன பிழை எண்டு கேட்டார். அண்டைக்குத் தொடங்கின கதை இன்னும் முடியல்ல. இப்ப எனக்கு ஓம் எண்டு சொல்லணும் போல இரிக்கி. அவர்ர உம்மாவச் சமாளிச்சிரலாமாம்.'

– அல்ஹம்துலில்லாஹ்! மறுகா என்ன தடை?

– 'அவருக்கு ஒரு ராத்தா இரிக்காவாம், பெரிய வாய்க்காரியாம். அவவ எப்பிடி மடக்கிற எண்டு நீங்கதான் சொல்லித் தரணும்.'