சேராத லெட்டர் சேருமிடம்

சத்தியம்மா, சத்தியம். நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த மாடிப்படி அப்படியே என் தலையில இறங்கட்டும். படிக்குக் கீழயே உக்காந்துக்கிட்டு இப்படிச் சத்தியம் பண்றவன் பொய் சொல்லுவானா, நீங்களே சொல்லுங்க. அந்தக் கோடையில ஃபேன் நின்னுபோச்சு. என் ஃபேன் இல்ல, இதோ இந்த மெயில் சர்வரோட ஃபேன். புதுசு வர ரெண்டு நாள் ஆகும்னுட்டான் கடைக்காரன். அட்டைப்பெட்டி மூடியைக் கிழிச்சு ரெண்டு நாள் நான் விசிறினேன். வலக்கையால விசிறல், இடக்கையால சாப்பாடு. ஒரு லெட்டர் நிக்கல. வலக்கை இன்னும் ஒரு விரக்கடை நீளம், வேணும்னா அளந்து பாருங்க.

சிரிங்க, சிரிங்க. மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி அதோட கதை தெரியணும் இல்ல? மாப்பிள்ளை உங்களை இதைப் பாத்துட்டுப் போகத்தானே வரச் சொன்னாரு? பாக்கலாம், அவசரமில்ல. பையைக் கீழ வைங்க. அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடும், சுவத்தோட சாச்சுக்கங்க.

மாப்பிள்ளைன்னா இந்தக் கம்பெனி முதலாளி, என் தங்கச்சி வீட்டுக்காரர். ரப்பர் வாஷர் பண்ற இடம்னு உள்ள வரும்போதே மூக்கு சொல்லியிருக்கும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி மூணு பேர் ஆரம்பிச்சோம். ரப்பர் அவரு, ஆர்டர் தங்கச்சி, மெயில் நான். அப்ப எனக்கு மெயில்னா என்னன்னே தெரியாது. தலகாணி கனத்துக்கு ஒரு புஸ்தகம் வாங்கி, மூணு வாரம் படிச்சு, நாலாவது வாரம் முதல் லெட்டர் விட்டேன். பக்கத்து ரூம்லேர்ந்து தங்கச்சி, வந்துருச்சுண்ணேன்னு கத்தினா. பத்தடி போக அதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. வழியில யாரையாவது பாத்துப் பேசிட்டு நின்னிருக்கும்.

இல்லம்மா, இன்னும் பழுதுக்கே வரல, இருங்க. வாசல்ல கணக்குப்பிள்ளையைப் பாத்தீங்கல்ல, தலை பளபளன்னு? அவர் பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு. மாத்துங்கய்யான்னு தலையால தண்ணி குடிச்சேன். மறந்துரும்பாரு. ஒருநாள் எவனோ அதை வச்சு உள்ள பூந்து, அவர் பேர்ல உலகத்துக்கே நாப்பதாயிரம் லெட்டர் அனுப்பிட்டான். அத்தனையும் முடி வளர்ற தைலத்துக்கு விளம்பரம். முந்நூறு பேர் கேட்டு எழுதினாங்க. ஒருத்தன், உங்க போட்டோவை அனுப்பினாத்தான் நம்புவேன்னான். சரி, முந்நூறு இல்ல, முப்பது. அப்படிப் பாக்காதீங்க.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது விளையாட்டில்ல. அங்கங்க உள்ள சர்வர் எல்லாம் நம்மளத் திருட்டுப் பட்டியல்ல சேத்துருச்சு. வாஷர் விலை கேட்டவனுக்கு பதில் போட்டாக்கூட வாசல்லயே தடுத்துத் திருப்பிட்டான். பட்டியல் வச்சிருக்கற ஒவ்வொருத்தனுக்கும் எழுதினேன், ஐயா, வீட்டைக் கழுவிட்டோம், பூட்டை மாத்திட்டோம், பட்டியல்லேர்ந்து எங்களை எடுத்துருங்கன்னு. அத்தனை பேரும் எடுக்கப் பதினோரு நாள் ஆச்சு. அன்னிக்கு மாப்பிள்ளை என் தோள்ல கை போட்டு, மச்சான், நீங்க இல்லேன்னா இந்தக் கம்பெனிக்கு வாயே இல்லேன்னாரு. கண்ணுல தண்ணி. அவர் கண்ணுலதான்.

என்ன கேக்கறீங்க, எல்லார் லெட்டரையும் படிப்பேனான்னா? கேளுங்க, எல்லாரும் கேக்கறதுதான். பதினாலு பேர் பெட்டிக்கும் சாவி எங்கிட்ட. ஒண்ணைத் திறந்ததில்ல. கவரைப் பாப்பேன், யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு கனம். அது என் வேலை. நம்ம டிரைவருக்கும் பேக்கிங்ல இருக்கற பொண்ணுக்கும் கல்யாணம்னு மத்தவங்களுக்குப் பத்திரிகை பாத்துத்தான் தெரியும். எனக்கு எட்டு மாசம் முன்னாடியே லெட்டர் கனத்துல தெரிஞ்சுபோச்சு. நடுவுல ரெண்டு வாரம் ஒண்ணுமே போகல, எனக்குச் சோறு எறங்கல. உள்ள என்ன எழுதிக்கிட்டாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது.

ஆனா ஒரு பெட்டி என்னோடது. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் கேளுங்க. போற லெட்டரை அந்தப் பக்கம் வாங்கலேன்னா, அனுப்பினவருக்கே திரும்பி வரும். அவர் பெட்டியும் நிறைஞ்சு கிடந்தா? அங்கயும் போகாம இங்கயும் நுழையாம நிக்கிற லெட்டர் நிர்வாகி பெட்டிக்கு வரும். நிர்வாகி நான்தான். முழு லெட்டரும் வர்ற மாதிரி வச்சதும் நான்தான். அதை மட்டும் படிச்சே ஆகணும், எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு பாக்க.

மாப்பிள்ளை பெட்டி எப்பவும் பிதுங்கிக்கிட்டுத்தான் இருக்கும். பழசை அழிங்க மாப்ளேன்னா, பெட்டியைப் பெருசாக்குங்க மச்சான்பாரு. ஏழு தடவை பெருசாக்கியிருக்கேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க, இனிமே மெதுவாத்தான் பேசணும். மூணு வாரம் இருக்கும். காலையில பதினோரு மணி. மாப்பிள்ளை வெளிக் கம்பெனி ஒண்ணுக்கு எழுதின லெட்டர், கூட ஒரு போட்டோ. போட்டோ கனம் தாங்காம அவங்க வாங்கல, அவர் பெட்டியில இடமில்ல, எங்கிட்ட வந்து விழுந்துச்சு. திறந்தேன். இதே ரூம், இதே நாற்காலி. நான் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறேன், கண்ணாடி மூக்கு நுனியில தொங்குது. கீழ எழுதியிருக்காரு, இதுதான் எங்க மெயில் டிபார்ட்மெண்ட், பாத்தா உங்களுக்கே புரியும்னு.

தூங்கினது நெஜம். இல்லேங்கல. எல்லா லெட்டரும் ஒழுங்காப் போகும்போது நான் முழிச்சிருந்து யாருக்கு என்ன?

எங்க மெயிலை எல்லாம் உங்க பக்கம் மாத்திக்கறோம், இந்த மெஷின் வேண்டாம்னு எழுதியிருந்தாரு. சரி, மாத்தட்டும், எல்லா இடத்துலயும் மாத்தறாங்க. எங்கிட்ட சொன்னா நானே மாத்திக் குடுத்திருப்பேன். அதுக்கு அடியில தங்கச்சி அவருக்கு எழுதின நாலு வரி ஒட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. அதைப் படிச்சு முடிக்கவும் தங்கச்சி டீ கொண்டாந்து வைக்கவும் சரியா இருந்துச்சு. சக்கரை போதுமாண்ணேன்னா. போதும்மான்னேன்.

மத்தியானம் மூணு பேரும் ஒரே மேசையிலதான் சாப்பிடுவோம். மெஷின் எப்படி ஓடுது மாப்ளேன்னு கேட்டேன். நீங்க இருக்கறப்ப அதுக்கென்ன மச்சான்னாரு. தங்கச்சி எனக்கு இன்னொரு கரண்டி சோறு வச்சா. எங்கிட்ட எதாவது சொல்லணுமா மாப்ளேன்னேன். உப்பு கொஞ்சம் கம்மின்னாரு.

நாலாம் நாள் அவரே படியிறங்கி வந்தாரு. மச்சான், ஒரு முக்கியமான லெட்டருக்கு பதிலே வரல, போச்சா இல்லையான்னு பாருங்களேன். யாருக்கு மாப்ளேன்னேன். ஒரு கஸ்டமருக்குன்னாரு. என் மூஞ்சியைப் பாக்கல, மெஷினைப் பாத்துச் சொல்றாரு. என் கழுத்துக்கு வச்ச கத்தி மழுங்கலா இருக்காம், நானே தீட்டிக் குடுக்கணுமாம். பாக்கறேன்னு சொன்னேன்.

அழிச்சிருக்கலாம், என்ன? ஒரு பட்டன். கேட்டா அந்தப் பக்கம் பழுதுன்னு ஒரு கதை சொன்னா முடிஞ்சுது. கதைக்கா எங்கிட்ட பஞ்சம்? ரெண்டு நாள் அந்தப் பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாவது நாள் போட்டோவைச் சின்னதாக்கி, மாப்பிள்ளை பேர்லயே மறுபடி அனுப்பி வச்சேன். பத்தொன்பது வருஷமா இங்க குடுத்த லெட்டர் போய்ச் சேந்துக்கிட்டிருக்கு. எனக்கு ஆகாததுங்கறதுக்காக ஒண்ணை மட்டும் நிறுத்த முடியுமா?

உங்களுக்குச் சின்ன போட்டோதானே வந்துச்சு?

அட, ஏம்மா எந்திரிக்கறீங்க? உக்காருங்க. உங்க மேல எனக்கென்ன கோபம், உங்களுக்கு வந்த வேலையை நீங்க பாக்கறீங்க. தங்கச்சி எழுதின நாலு வரியும் எனக்கு மனப்பாடம். அண்ணன்கிட்ட நேரா சொல்லாதீங்க, அழுதுருவாரு. வர்ற ஆளையே மெஷின் செத்துப்போச்சு, இனிமே பொழைக்காதுன்னு சொல்லச் சொல்லுங்க. அண்ணன் கதை விடுவாரே தவிர, மத்தவங்க விட்டா அப்படியே நம்பிருவாரு.

நான் தூக்கி வளத்த பொண்ணும்மா. அவ்வளவு சரியா எழுதியிருக்கா.

ரெண்டு பேரும் மேல படிக்கிட்ட நிக்கறாங்க, செருப்புச் சத்தம் கேக்குது பாருங்க. நீங்க வந்ததுலேர்ந்து நாலு தடவை வாயைத் திறந்தீங்க. நாலு தடவையும் நான் ஒரு கதையை எடுத்து விட்டேன். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் இறங்கி வந்து, விஷயம் இதுதான்னு சொல்லிருவாங்கன்னு பாத்தேன். பன்னெண்டு படிதான். இறங்கல.

சரி, நேரமாச்சு உங்களுக்கு. இந்த டிஸ்க்ல பேக்கப் இருக்கு, பதினாலு பேரோடதும், ஒரு லெட்டர் குறையாது. உங்க பையில போட்டுக்கங்க. வர்ற லெட்டரை உங்க பக்கம் திருப்பி விடறதையும் காலையிலயே பண்ணிட்டேன். இப்ப மெஷினை நானே அமத்திடறேன். இருங்க, வரிசையில ஒரு லெட்டர் நிக்குது. போகட்டும். ம், போயிருச்சு. பச்சை விளக்கு அணைஞ்சுது பாத்தீங்களா? இனிமே நீங்க சொன்னா அது பொய்யுமில்ல, உங்களுக்கும் பாவமில்ல.

சொல்லுங்க. மேல கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. நான் நம்பிக்கறேன், அழணும்னா கொஞ்சம் அழுதும் காட்டறேன். ஆனா ஒண்ணும்மா, அந்த லெட்டர் உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு நான் சொன்னதா மட்டும் அந்த ரெண்டு பேர்கிட்ட மூச்சு விட்டுராதீங்க. துருவிக் கேட்டாங்கன்னா, லெட்டர் தானா வந்து சேந்துச்சு, வேற ஒண்ணும் தெரியாதுன்னுடுங்க.