வுலுங் ஆற்றங்கரையில் ஓர் அமைதியான ஊர்

வாடகைக்கு அறை பார்க்க வருபவர்கள் வழக்கமாக முதலில் மெத்தையைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். மாரித் அப்படிச் செய்யவில்லை. அறையின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, காது கொடுத்துக் கேட்டாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்களோடு பழகுவது சுலபம்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள் ஐயா. ஆரம்பம் இதுதான். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. மறைக்க நினைத்திருந்தால் அந்த ரிமோட்டை நானே கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்க மாட்டேன்.

மாரித் எஸ்தோனியாக்காரி. அவளுடைய அலுவலகத்துக்குக் கட்டடமே கிடையாதாம். ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கிறார்கள். வருஷத்தில் சில மாதம் மட்டும் எல்லாரும் ஒரே ஊரில் கூடித் தங்கி, அங்கிருந்தே வேலை செய்வது பழக்கம். எந்த ஊர் சரிப்படும் என்று முன்னால் போய்த் தங்கிப் பார்த்துச் சொல்வது இவள் பொறுப்பு. இந்த முறை தாய்லாந்தில் ஒரு மீனவர் ஊர், வியட்நாமில் ஒரு மலையூர், ஜாவாவில் எங்கள் காரங்வுலுங். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தாள். மீனவர் ஊரில் இணையம் நினைத்தபோது படுத்துவிடுகிறது. மலையூரில் எதிர்வீட்டுக்காரர் மைக் பிடித்துப் பாடுகிறார். அந்த இரண்டு செய்தியையும் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எனக்கு எரிமலை வேணாம், கோயில் வேணாம், அருவி வேணாம். இணையம் வேணும். மத்தியானம் அமைதி வேணும்" என்றாள். எங்கள் பாஷையை அவள் கற்றுக்கொண்ட அளவுக்கு அது நன்றாகவே இருந்தது. அவர்கள் ஊரில் காலை என்றால் நமக்கு மத்தியானம். கூட்டமெல்லாம் அந்த நேரத்தில்தான்.

அத்தனை பேர் வந்தால் என் வீடு போதாது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அறை எடுப்பார்கள். சமைக்க, துவைக்க, வண்டி ஓட்ட ஆள் வேண்டியிருக்கும். வண்டி ஓட்ட என் மனைவி லெஸ்தாரியின் தம்பி கியோனோவை வைக்கலாம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவன் ஆற்றில் மணல் அள்ளுகிறவன். அந்தப் பிழைப்பை அவன் விட வேண்டும் என்பது லெஸ்தாரியின் நெடுநாள் ஆசை. ஆக, நான் எனக்காக மட்டும் ஆசைப்படவில்லை. இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதி வருஷம் கணுக்கால்கூட நனையாது. ஆனால் மலை உச்சியில் மழை பிடித்துவிட்டால், எரிமலை கக்கி வைத்த சாம்பலையும் பாறையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கும். கீழே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆற்றுக்குள் குனிந்து மணல் அள்ளுபவனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் காவல். மேலே பாலத்தடியில் சுமார்னி என்ற பெண் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருப்பாள். கீழே எங்கள் கரையில் ஒரு கொட்டகை. அதில் கெந்தோங்கான் தொங்கும். பலாமரத்தைக் குடைந்து நடுவில் கீறல் விட்ட பெரிய கட்டை அது, அடித்தால் ஆற்றுப் படுகைவரை கேட்கும்.

மலைமேல் மேகம் கட்டிவிட்டால் காவல்காரர் அவ்வப்போது அதை மூன்று முறை நிதானமாக அடிக்க வேண்டும். நான் விழித்திருக்கிறேன், ஆறு சும்மா இருக்கிறது என்று அர்த்தம். விடாமல் வேகமாக அடித்தால் ஓடு என்று அர்த்தம். இரண்டும் இல்லாமல் சத்தமே நின்றுபோனால், யாரையும் கேட்காமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். ஊரில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

கொட்டகை இருப்பது என் முற்றத்துக்குப் பக்கத்தில். அதுதான் தொந்தரவாகப் போயிற்று. மாரித் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது டொக், டொக், டொக் என்று மூன்று சத்தம் வரும். அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய மேலதிகாரி, கதவைத் திறந்துவிட்டு வா, யாரோ ரொம்ப நேரமாய் நிற்கிறார்கள் என்பாராம். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நான் கியோனோவிடம் பேசினேன்.

"அந்தப் பொண்ணு காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுங்க மச்சான்" என்றான்.

"அவ காதுக்கு இல்லடா. கூட்டத்துல இருக்கிறவங்க காதுக்கு."

"அப்போ அவங்களுக்கும் ஆளுக்கொரு உருண்டை பார்சல் பண்ணிடுங்க. நம்ம ஊர் இலவம்பஞ்சு, நல்ல பேரு கிடைக்கும்."

லெஸ்தாரி சிரித்தாள். அவன் சொன்னதற்கெல்லாம் அவள் சிரிப்பாள். நானும் சிரித்தேன். கோபித்துக்கொண்டு காரியம் சாதிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

நான் செய்தது இதுதான். மத்தியானக் காவலை முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். முறை வைத்துக் காவலிருந்து சலித்துப் போனவர்கள் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். பிறகு, தண்ணீர் புகாத நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கினேன். மழைக்குத் தாங்கும், உள்ளேயே பேட்டரி. மூன்று தட்டலைப் பதிவு செய்து, விட்டு விட்டு அதுவே ஒலிக்கும்படி செய்து, கீழே ஆற்றுப் படுகையில் மணல்காரர்கள் சாப்பிடும் கொட்டாயில் கட்டினேன். ரிமோட் என்னிடம். ஆபத்து என்றால் நான் அதை நிறுத்துவேன், நீங்கள் ஏறிவிடுங்கள், கூடவே கரைமேல் நிஜக் கட்டையையும் அடிக்கிறேன் என்றேன். கரையிலிருந்து வரும் சத்தத்தைவிட இது பக்கத்தில் கேட்கிறது என்று அவர்களே பாராட்டினார்கள். சொல்லப்போனால் காவல் முன்பைவிட மேம்பட்டது.

பதிவுக்குக் கட்டையை அடித்துக் கொடுத்தது கியோனோ. ஊரிலேயே தாளம் தப்பாத கை அவனுடையதுதான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவன் விடும் இடைவெளி அளந்து வைத்தது மாதிரி இருக்கும்.

"என் கையை வெட்டிப் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்க" என்றான். "இனி நான் தூங்கினாலும் அது வேலை பார்க்கும். கூலி எனக்கா, பெட்டிக்கா?"

"நீ வண்டி ஓட்டப் போறவன்டா. உனக்கெதுக்கு இந்தக் கூலி?" என்றேன். அதை மனதார, பிரியத்தோடு சொன்னேன்.

அதன் பிறகு மத்தியானங்கள் எப்படி இருந்தன என்று நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். பாக்கு மரம் அசைகிற சத்தம், மாரித் மெதுவாகப் பேசுகிற சத்தம், அடுக்களையில் எண்ணெய் காய்கிற சத்தம். அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கே தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது.

நடுவில் ஒரு நாள் மட்டும் சறுக்கல். சுமார்னி எச்சரித்தாள். நான் சொன்னபடியே பெட்டியை நிறுத்தினேன், கட்டையை அடித்தேன். என்மேல் குறை சொல்பவர்கள் இந்த நாளை மறந்துவிடுகிறார்கள். மணல்காரர்கள் அத்தனை பேரும் கத்திக்கொண்டு ஏறினார்கள். ஏறி வரும் பாதை என் முற்றத்தின் ஓரமாகத்தான் போகிறது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே பின்னால் வந்தான். கியோனோ தலை முதல் கால் வரை சேறோடு மாரித்தின் கணினிக்கு முன்னால் எட்டிப் பார்த்து, "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, ஆத்துல குளிக்கலாம்" என்று கையாட்டினான். கடைசியில் வந்தது முழங்காலளவு கலங்கல் தண்ணீர். அதுவும் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிட்டது.

லெஸ்தாரி தம்பிக்குத் தலை துவட்டிக்கொண்டே, "முழங்காலோ இடுப்போ, நீ ஏறிட்டேல்ல, அது போதும்டா" என்றாள். மாரித் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபமே இல்லை. "உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வியட்நாம்னுதான் சொல்லியாகணும்" என்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் தண்ணீருக்காக ஒரு ஊரின் எதிர்காலமே போய்விடும் போலிருந்தது.

இனி அந்த நாள். ஊரை முடிவு செய்யும் கூட்டம் அன்றைக்குத்தான். மாரித் கணினியை முற்றத்தில் வைத்து எல்லாருக்கும் தோட்டத்தைக் காட்டினாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். நான் பின்னால் வாழைப்பழப் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தேன். வாக்கிடாக்கி சத்தம் வெளியே வரக் கூடாது என்று காதில் ஒரு ஒயர் மாட்டியிருந்தேன். மலைமேல் மேகம் கறுத்திருந்தது. முற்றத்தில் நல்ல வெயில்.

மேலதிகாரி ஏதோ சொன்னார். மாரித் எனக்குப் புரிவதற்காகத் திரும்பி, மெதுவாக, "ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருக்கப் போறாங்க. ஊரைக் கேக்கணுமாம்" என்றாள். நான் தட்டைக்கூட அசைக்கவில்லை.

அப்போது காதுக்குள் சுமார்னி. "விர்யோ அண்ணே, தண்ணி நிறம் மாறிடுச்சு. பாறை உருளுற சத்தம் கேக்குது, போன தடவை மாதிரி இல்ல. கீழ சொல்லிடுங்க. அண்ணே, கேக்குதா?"

பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாது. வாக்கிடாக்கியின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். கேட்டது என்று அர்த்தம். வாக்கிடாக்கியில் இரண்டு 'டிக்' கேட்டது என்று சுமார்னி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. வாக்கிடாக்கி அன்று வேலை செய்யவில்லை என்று ஊரில் முதலில் நான்தான் சொன்னேன். அப்போது ஊர்க்காரர்கள் இருந்த நிலையில் வேறெதுவும் சொல்லக் கூடியதாக இல்லை.

ரிமோட் சட்டைப் பையில்தானே இருந்தது, சத்தமே இல்லாமல் அழுத்தியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் அந்த நிமிஷம் அதைத்தான் யோசித்தேன். விரல்கூட அதன்மேல் இருந்தது. ஆனால் அழுத்தினால் அவர்கள் ஏறி வருவார்கள். கியோனோ வாயை மூடிக்கொண்டு ஏறுகிறவனா? தண்ணீர் மேலிருந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அமைதி முடியட்டும், அழுத்திவிடலாம் என்று இருந்தேன். அமைதி முடிந்ததும் கை தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை எழுந்தது. ஒரு பெண் மட்டும் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவளும் தூக்கட்டும் என்று இருந்தேன். இந்த நேரமெல்லாம் கீழே பெட்டி அதன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அவளும் தூக்கினாள். மாரித் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையை அடிக்கத்தான் போனேன். இதற்கு மாரித்தே சாட்சி. கோலைக் கையில் எடுப்பதற்குள் பூமி அதிர்ந்தது.

பாதைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீரைக் கண்ணால் பார்த்து ஏறிவிட்டார்கள். கொட்டாயில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேர் ஏறவில்லை. அவர்கள் பெட்டியை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். கியோனோவுக்குத் தன் கையின்மேல் எப்போதும் ரொம்ப நம்பிக்கை.

மாரித் மறுநாள் கிளம்பினாள். அவர்கள் இப்போது வியட்நாமில் இருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பாடுவது பழகிவிட்டது என்று எனக்கு எழுதியிருந்தாள். அதற்கும் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் ஆற்றில் இறங்கித் தேடினோம். எங்கு பார்த்தாலும் சாம்பல் மண்ணும் பாறையும். எங்கே தோண்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது லெஸ்தாரி கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். மண்ணுக்கு அடியிலிருந்து மெல்லிசாக மூன்று தட்டல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று. அதே இடைவெளி.

"அவன்தான்! என் தம்பி கைதான் அது, எனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கான், தட்டுறான், தோண்டுங்க!"

எல்லாரும் பாய்ந்தார்கள். அவள் நகம் பெயர வெறுங்கையால் தோண்டினாள். விட்டு விட்டுச் சத்தம் வரும்போதெல்லாம், "இதோ வந்துட்டோம்டா, இதோ" என்று மண்ணோடு பேசினாள். நெடுநேரம் தோண்டினார்கள். பெட்டியும் கிடைத்தது, அதன் பக்கத்திலேயே அவனும் கிடைத்தான்.

அந்த நேரம் முழுக்க ரிமோட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் சத்தம் நின்றிருக்கும். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அந்த அளவுக்குக் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா.