வாசலில் விட்ட செருப்பு

என் பெயர் ஆதிலட்சுமி, வயது 36, கணவர் பெயர் செழியன். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அம்மா முன்பு நான் சொல்வதாவது.

என் கணவர் துப்பறியும் கதை எழுதுகிறவர். ஒரு தடயத்திலிருந்து அடுத்த தடயத்துக்குக் கதையை எப்படி நகர்த்துவது என்று திணறும்போதெல்லாம் என்னைத்தான் கேட்பார், நானும் சொல்லித் தொலைப்பேன். சில மாதங்களாக என்னையே துப்பறியத் தொடங்கி, கறிவேப்பிலை வாங்கப் போனாலும் சந்தேகப்பட்டு, வெளியே கிளம்பும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். நேற்று, "திங்கக்கெழமையிலேர்ந்து பொண்ணுக்கும் ஸ்கூல் கெடையாது, ரெண்டு பேரும் உள்ளயே கெடங்க" என்றார்.

இன்று காலை அவர் பூட்டிவிட்டுப் போனதும் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சுத்தியலால் பூட்டை உடைத்தார். அதன் பிறகு என் தங்கை தேவிப்ரியாவுக்குப் போன் செய்து, பள்ளியிலிருந்து மகள் கவிநிலாவை அழைத்துக்கொண்டு, என் கணவருக்குத் தெரியாத ஓர் ஊருக்கு பஸ் ஏறச் சொன்னேன். அவர் மதியம் சாப்பிட வருவார், அவர்கள் ஊர் போய்ச் சேரும்வரை என் பின்னால்தான் அலைய வேண்டும். ஆகவே என் செருப்பை வாசலில் கண்ணில் படும்படி விட்டேன். செருப்பில்லாமல் போனால் கிரிவலம்தான் என்று முடிவு கட்டுவார். அதன் பிறகு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை வெறுங்காலோடு நடந்து, அங்கே பொன்னி என்பவரின் சோடாக் கடையில் என் குடையை மறந்ததுபோல் வைத்துவிட்டு, வேங்கிக்கால் போகிறேன் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். அதன் பிறகு ஆட்டோவில் வேங்கிக்கால் வந்து, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த எல்லோரிடமும் மகளிர் காவல் நிலையத்துக்கு வழி கேட்டேன். எனக்கு வழி தெரியும்.

"நீயும் பொண்ணு கூடவே போயிருக்கலாமேம்மா?" என்று ஆய்வாளர் அம்மா கேட்டார்.

"போயிருந்தா நேரா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்திருப்பாருங்க."

இதைச் சொல்லும்போதும் வாசலையே பார்க்கிறேன். தங்கை இன்னும் கூப்பிடவில்லை, பயமாக இருக்கிறது. அவர்கள் போகும் ஊரின் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உடைந்த பூட்டை ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு என் கணவர், கையில் என் குடையோடு உள்ளே வந்து, "புள்ள எங்கடி?" என்று கேட்டார். அப்போது தங்கையின் போன் வந்தது. "வந்து சேந்துட்டோம்க்கா" என்றாள். பிள்ளை போன வழியில் தடயம் எதுவும் நான் வைக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) செ. ஆதிலட்சுமி