மேக்கு மூலை ஈரம்

அங்கன தோண்டாதீங்க தம்பி. மம்பட்டியக் கீழ வச்சிட்டு இப்படி உடைமர நெழலுக்கு வாங்க. கரிசல் வெயிலு மண்டையப் பொளந்துரும்.

ஈரம் பாக்குத ஒங்க கருவியில பழுதெல்லாம் இல்ல. நீங்க மண்ணுக்குள்ள பொதச்சு வச்சதுலருந்து ஒரு ஆட்டக்கூட நான் பக்கத்துல விட்டதில்ல. விளாத்திகுளம், குளத்தூருன்னு நீங்க கருவி வச்ச மத்த புஞ்சையெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்க, எம் புஞ்சை மேக்கு மூலை மட்டும் ஈரம் காட்டுதுன்னா ஒங்களுக்குக் கொழப்பமாத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான மழை சொல்லப் போறீங்க? டீக்கடையில நீங்க சொன்னத எங் கொழுந்தன் சோலைச்சாமி வந்து சொன்னாவ. ஈரம் இருக்குன்னு நம்பி, அது மழையக் கூட்டிச் சொல்லிப்புடுமாமே. ஊரும் அத நம்பி வெதச்சிரும். பொறவு வெதைக்கு வச்சிருந்த கம்பும் மண்ணோட போயிரும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இந்த மூலைக் கணக்கச் சேத்துக்கிடாதீங்க தம்பி, அந்த ஈரம் நான் ஊத்துத தண்ணி.

பயிரா? அந்த மூலையில என்ன பயிரு இருக்கு. அடிபம்புல காத்துக் கெடந்து பிடிச்சு, தெனம் ஒரு குடம் ஊத்துதேன். எம் மவ இசக்கிசெல்விக்கு.

கழுகுமலையில தீப்பெட்டி ஆபீசுல வேல பாத்தா. தீப்பிடிச்சிருச்சு. ஆசுபத்திரில கெடந்து தண்ணி தண்ணின்னா. குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. நானும் குடுக்கல.

சுடுகாட்டுக்கு எப்படிக் கொண்டு போக? அவளுக்குக் கழுத்துல, கையில வெள்ள வெள்ளயா வெண்படை உண்டு. அந்த உடம்பப் பொதைச்சா மழை அண்டாதும்பாவ எங்க ஊருல. மழை தப்புனா தோண்டி எடுத்து எரிச்சிருவாவ. தெரிஞ்சா மொத ஆளா கடப்பாரையத் தூக்கிட்டு வாரது எங் கொழுந்தனாத்தான் இருக்கும். வெந்து செத்த புள்ளயத் திரும்பவும் தீயில வைக்க எனக்கு மனசு வரல. டவுன்லயே எரிச்சாச்சுன்னு ஊருல சொல்லிட்டு, நானும் எந் தம்பியும் இங்கன கொண்டாந்து வச்சோம்.

அதுலருந்து ரெண்டு வருசமா மழையில்ல.

இருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. கருவியக் கெழக்க மாத்தி வச்சிக்கிடுங்க, நான் வேண்டாங்கல. ஊருல மட்டும் வாயத் தொறந்துராதீங்க.

பொறவு, அந்தக் கம்ப்யூட்டர்ல ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. எம் மவளாலயா மழை வரல?