எத்தனை மாமன் என்றாலும்

கிடா விருந்தில் நல்லியெலும்பைக்கூட வாய்விட்டுக் கேட்டு வாங்காத ஆள் நான். பெயர் ராஜகுரு, அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போய்க் குடும்பத்தைப் பிரித்தவன் என்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

காதுகுத்து பிளக்ஸுக்கென்று பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். பெயர்களைக் கொடுத்தால் படத்தோடு அதுவே அடுக்கித் தந்துவிடும். அதில் 'காதுகுத்து' என்று ஒரு கிளாஸ், வார்ப்பு அச்சு மாதிரி. அந்த அச்சிலிருந்து ஒவ்வொரு பிளக்ஸையும் உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குப் பிள்ளை, பெரிய மாமன், சின்ன மாமன் என்று மூன்று பெயர் கட்டாயம். ஒன்று குறைந்தால் சண்டித்தனம் பண்ணும். கூடினாலும் பண்ணும். பந்தல்குடிக்காரர் ஒருவர் பதினேழு மாமன்களோடு வந்து நின்றார். என்ன செய்வது? பிள்ளையை மட்டும் கட்டாயமாக வைத்து, மாமன்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். அதன் பிறகு எத்தனை மாமனைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. குறைத்துக் கொடுத்தாலும் மற்றவர் எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

என் அக்கா தங்கலட்சுமிக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டே பேர். மூத்தவர் மருதுபாண்டி அண்ணன், கடைக்குட்டி நான். எங்கள் வீட்டில் மூத்த மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். அக்கா மகளுக்குக் குத்தியபோது அண்ணன் மடி. நான் பந்திக்கு ஐஸ்கட்டி வாங்கப் போனேன். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஏன், எனக்கு மடி இல்லையா?

இந்த முறை அக்கா மகனுக்கு. பிள்ளை பெயரைக் கொடுத்தேன், என் பெயரைக் கொடுத்தேன். புரோகிராம் மூச்சுக்கூட விடவில்லை. திருச்சுழிப் பக்கம் குலசாமி கோயில் வாசலில் பிளக்ஸைக் கட்டினேன். கூலிங்கிளாஸ் போட்ட என் படம் நன்றாகவே வந்திருந்தது.

அண்ணன் மேளதாளம், கிடா, சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஏலே, அண்ணன் பேரு எங்கலே?" என்றாள் அக்கா.

"மிஷினு விட்டுருச்சுக்கா," என்றேன்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதை நான் அங்கே சொல்லவில்லை.

அண்ணன் கடுக்கனை அக்கா கையில் வைத்தார். "பேரில்லாத மாமனுக்கு மடி எதுக்குத் தாயி? அதான் சின்னவன் இருக்கான்ல. நான் வாரேன்."

லோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். "அண்ணே, அண்ணே" என்று செருப்பில்லாமல் ரோடு வரை ஓடினாள் அக்கா. வண்டி நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் பெயரை நான் அழிக்கவில்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைக்கு என் மடியில்தான் காது குத்தியது. அன்றிலிருந்து அக்கா என் போனை எடுப்பதில்லை. பாவம், பாதியில் கிளம்பிப் போன அண்ணன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.